முதல் வகுப்பில் தேறிய பாஸ்தாக் கடை

1

இணைய வரைபடத்தில் உணவகங்களுக்கு நான் மதிப்புரை எழுதத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் முடிந்ததற்காக, போன வருடக் கடைசியில் ஒரு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது மனிதர் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு கணினி. ஆனாலும் எனக்கு மகிழ்ச்சிதான். பதினோரு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கிறேன். வேலையைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், டனீடின் என்ற ஊரில். கோடையிலும் ஸ்வெட்டர் போடவைக்கும் ஊர். வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் வேலை. எனக்கு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. இங்கே வருவதற்கு முன்னால் இராமநாதபுரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். சிவப்பு மை பேனாவை வைத்துவிட்டுப் புத்தகம் அடுக்கப் போனது முதல் இரண்டு வருடம் கசப்பாகத்தான் இருந்தது.

மதிப்புரை எழுத வந்தது ஆங்கிலம் பழகுவதற்காக. நூலகத்தில் கூட வேலை செய்யும் அம்மாள்தான், "சாப்பிட்டதைப் பற்றி எழுது. அதில் தப்பு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். கணக்குத் தொடங்கும்போது பெயர் கேட்டது. இங்கே என் பெயரே ஒரு வம்பு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்தில் முன்னால் இருக்கிறது, வங்கியில் அப்பா பெயர் மட்டுமே இருக்கிறது. கடன் அட்டை வேண்டுமா என்று என் அப்பாவுக்கு டனீடின் முகவரியில் கடிதம் வருகிறது. அவர் தன் வாழ்நாளில் மதுரைக்கு மேற்கே போனதில்லை. திருத்தப் போனால், திருத்துவதற்கு முதலில் சரியான பெயரில் ஓர் ஆவணம் கொண்டுவா என்கிறார்கள். அதனால் மதிப்புரைக் கணக்குக்கு "ராம்நாடு டீச்சர்" என்று போட்டேன். அந்த ஒன்றுக்குத்தான் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

2

சனிக்கிழமை பத்து மணிக்கு நானும் மகள் இனியாவும் ஷெரில் என்ற அம்மாள் நடத்தும் காபிக் கடைக்குப் போவோம். இனியாவுக்குப் பதினாறு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மட்டும் இருவரும் மொழியை மாற்றிக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க அந்தக் கடைதான் பொதுவான இடம்.

அங்கே ரொட்டித் துண்டுக்குள் சீஸும் வெங்காயமும் வைத்துச் சுருட்டி வாட்டிய சீஸ் ரோல் கிடைக்கும். மாவுக் கூட்டுக்குள் கோழிக்குழம்பை அடைத்துச் சுட்ட பட்டர் சிக்கன் பை கிடைக்கும். உள்ளே இருப்பது பஞ்சாப், வெளியே மூடியிருப்பது இங்கிலாந்து, விற்பது நியூசிலாந்து. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாரம் ஒன்று தின்னாமல் இருக்க முடியவில்லை. அந்த பையைப் பற்றி நான் எழுதியது: "மாவு மொறுமொறுப்பு. குழம்பில் இனிப்பு ஒரு தேக்கரண்டி கூடுதல். சூடு சரியாக இருக்கிறது. குறை சொல்வதற்கில்லை." அதற்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தேன்.

வாழ்த்து மின்னஞ்சல் வந்த அதே சனிக்கிழமை, ஷெரில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதே. அந்த ராம்நாடு டீச்சர் நீதானே? நாலு வருஷமா வாரா வாரம் வருகிறாய். எங்கள் கடை உனக்கு அவ்வளவு மோசமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோசமா! இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த கடை அது. நான் வாயைத் திறப்பதற்குள் இனியா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அம்மா, நீ இவங்களுக்கு த்ரீ ஸ்டாரா போட்டே?"

"ஆமா. மூணு. நல்ல மார்க்குதானே?"

"த்ரீன்னா அந்தப் பக்கமே போகாதேன்னு அர்த்தம்மா! பிடிச்சா ஃபைவ். சுமாரா இருந்தா ஃபோர். த்ரீன்னா வயிறு வலிச்சதுன்னு அர்த்தம்."

நான் கணக்குச் சொன்னேன். ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது. அறுபது என்றால் முதல் வகுப்பு. முதல் வகுப்பில் தேறியவன் எங்கள் ஊரில் மாலை போட்டுக்கொண்டு வருவான். தமிழ்ப் பாடத்தில் எண்பதைத் தாண்டி நான் யாருக்கும் போட்டதே இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் என் மேசைக்குத் தாள் போனால் பிள்ளைகளின் தலையெழுத்து என்று மற்ற ஆசிரியர்கள் பரிதாபப்படுவார்கள். நூற்றுக்கு நூறு என்பது கணக்குப் பாடத்துக்கு உள்ளது. பட்டர் சிக்கன் பை என்ன கணக்கா?

இனியா இதை மொழிபெயர்க்க, ஷெரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு எங்களுக்கு இரண்டு சீஸ் ரோல் இலவசம். நான் மட்டும் சிரிக்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் கடைகளுக்கு மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறேன். கொரிய அம்மாள், கிரேக்கத்துப் பெரியவர், வியட்நாம் தம்பதி, எல்லோர் வயிற்றிலும் அடித்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் கலாவின் ஞாபகம் வந்தது. காபியை அப்படியே தள்ளிவைத்தேன்.

3

கலா என் நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகிற சாலையில், உச்சிப்புளி தாண்டி ஒரு கடை வைத்திருக்கிறாள். எட்டு மேசை, ஓலைக் கூரை, பின்னால் வேலிக்காத்தான் காடு, காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துக் கடல் வாசம். சிமென்ட் பலகையில் எழுதியிருக்கும் பட்டியல் இது: முண்டு மிளகாய் பாஸ்தா, நண்டு சாண்ட்விச், சுறாப்புட்டு டோஸ்ட், கணவாய் பர்கர், பனங்கருப்பட்டிக் காபி. அதில் சோறு கிடையாது.

கடலோரத்தில் கடை வைத்துக்கொண்டு மீன் குழம்பும் சோறும் போடாமல் பாஸ்தா விற்பவள் பைத்தியக்காரி என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் என் மாமனார். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. நெல்லும் முண்டு என்கிற குண்டு மிளகாயும் போடுவார்கள். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடலாம், சோற்றை விற்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பிடிவாதம். கலா கடை வைக்கப் போகிறேன் என்றபோது மாமனார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னார்: "என்னமும் வித்துக்க. சோத்த வித்தேன்னா எம் மகளுன்னு சொல்லாத."

கலா அந்த வாக்கை அப்படியே எடுத்துக்கொண்டாள். சோறு தவிர மற்றதெல்லாம் சமைக்கக் கற்றுக்கொண்டாள். பாஸ்தா வேகவைப்பதை யூடியூபில் பார்த்தாள். மசாலா மட்டும் அவள் கை. ஆனால் மாமனார் கடைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கலாவுக்கு எத்தனை வாடிக்கையாளர் வந்தாலும் அது ஒரு குறைதான். "ஊரே வந்து திங்குது மதினி. அய்யா ஒரு வாய் திங்கல" என்று என்னிடம் போனில் அழுதிருக்கிறாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து தமிழிலேயே மதிப்புரை எழுதினேன். "மிளகாய் தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறது, பாஸ்தா அதற்குக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறது. சுறாப்புட்டை ரொட்டிக்குள் வைத்தது யார் யோசனையோ, அவருக்கு மூளை இருக்கிறது. நண்டு சாண்ட்விச்சில் ஓடு ஒன்று கிடந்தது, கவனிக்கவும்." அதற்கும் மூன்று நட்சத்திரம். எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் அள்ளிக் கொடுத்துவிட்டதாகத் தோன்றியது.

"படிச்சேன் மதினி" என்று மட்டும் அப்போது கலா சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போதோ மூன்று வாரமாக அவளிடமிருந்து போனும் இல்லை. அப்பன் ஒரு பக்கம் ஒதுக்க, நாமும் மூன்று போட்டு அவமானப்படுத்திவிட்டோம் என்று எனக்குப் பட்டது. ஷெரில் கடை மேசையிலேயே உட்கார்ந்து, கலாவின் கடைக்கு ஐந்து நட்சத்திரம் என்று மாற்றினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் நூற்றுக்கு நூறு அது. பிறகு ஷெரிலுக்கும் ஐந்து போட்டேன். கொரிய அம்மாளுக்கும் போட்டேன். ஒரு வாரத்தில் எல்லோரும் நூற்றுக்கு நூறு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

4

ஜனவரியில் இங்கே பள்ளி விடுமுறை. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் இனியாவும் மூன்று விமானம் மாறி மதுரையில் இறங்கினோம். பொங்கலுக்கு முதல் நாள் நேராகக் கலாவின் கடைக்கே போனோம். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த சட்டம். கண்ணாடி போட்டு, சரிகை ஒட்டி, உள்ளே என் மதிப்புரை. மேலே மூன்று மஞ்சள் நட்சத்திரம், பக்கத்தில் காலியாக இரண்டு. அதற்குக் கீழே கலாவின் கையெழுத்தில், "முதல் வகுப்பு" என்று எழுதியிருந்தது. பயணிகள் ஏழெட்டுப் பேர் அதன் கீழேயே உட்கார்ந்து பாஸ்தா தின்றுகொண்டிருந்தார்கள்.

கலா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

"வாங்க மதினி. வாத்தா இனியா. என்ன மதினி இப்படிப் பண்ணிட்டீக?"

"தெரியாமப் போட்டுட்டேன் கலா. மூணு போட்டது தப்புத்தான்."

"மூணு போட்டதையா சொன்னேன்? அஞ்சு எதுக்குப் போட்டீக?"

நான் இனியாவைப் பார்த்தேன். இனியா என்னைப் பார்த்தாள்.

கலா கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாள். அந்த மூன்றைத்தான் தீபாவளிக்குச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டுபோய் அய்யாவிடம் காட்டினாளாம். எங்கள் மாமனாருக்கு என் மார்க் மேல் பெரிய மதிப்பு; அவருடைய அக்கா பேரனையே நான் தமிழில் பெயிலாக்கியவள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "டீச்சரே அறுவது போட்டிருக்குன்னா சும்மா இருக்காது. பொங்கலுக்கு மறுநா வாரேன்" என்றாராம். இரண்டு வருடம் கேட்டும் அசையாத மனிதர்.

"அன்னையிலருந்து அய்யா வரப்போறாருன்னு கடைக்கு வெள்ளையடிச்சு, பெஞ்சு மாத்தி, அலையாத அலைச்சல் அலைஞ்சேன். உங்களுக்குப் போன் பண்ணக்கூட நேரமில்ல. இப்ப நீங்க அஞ்சு போட்டுட்டீக. டீக்கடையில எவனோ போன்ல அதை அய்யாவுக்குக் காட்டிட்டான். சொந்தக்காரின்னு போட்டதுதான அப்படின்னுட்டாரு. மொதப் போட்டது பொய்யா, இப்பப் போட்டது பொய்யான்னு கேக்குறாரு. வரமாட்டேங்கிறாரு மதினி!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றை முதல் வகுப்பு என்று எடுத்துக்கொள்ள இந்த உலகத்தில் என்னைத் தவிர இன்னோர் ஆள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பட்ட கவலையெல்லாம் வீண். கவலைப்பட்டுச் செய்த காரியம்தான் வினையாகிவிட்டது. நான் வெட்கப்பட்டேன்.

5

பொங்கல் அன்று ஊரில், அறுத்து வந்த நெல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"மாமா, மூணுதான் நிசம்."

"பெறகு எதுக்குத்தா அஞ்சு?"

டனீடின் நாட்டு நடப்பை விளக்கினேன். அங்கே பிடித்தாலே ஐந்துதான், நாலு என்றால் சுமார், மூன்று என்றால் பெயில். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப அந்த ஊர்ல அம்புட்டுப் பேரும் நூத்துக்கு நூறா? பெயிலே கெடையாதா?"

"கிடையாது தாத்தா" என்றாள் இனியா.

"அப்ப அங்கன படிக்கிறது என்னத்துக்கு? வீட்டுல கெடக்கலாமுல்ல."

இனியா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, அந்த வீட்டில் இத்தனை வருடம் யாரும் கேட்கத் துணியாததைத் தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

"தாத்தா, நீங்க இந்த நெல்லை விக்கிறீங்க. அத்தை ஏன் சோறு விக்கக் கூடாது?"

மாமனார் கோபப்படவில்லை. "நெல்லு வாங்குறவன் யாவாரிமா. வயிறு நெறஞ்சவன். சோறு கேட்டு வாரவன் பசிச்சு வாரான். பசிச்சவன்கிட்ட மொதல்ல காசக் கேக்குறது எனக்கு ஒப்பல" என்றார். பிடிவாதம் என்று நான் நினைத்துவந்ததற்குள் இப்படி ஒரு நியாயம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் கலாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

"சரி. டீச்சரு மூணுன்னு வாயால சொன்னதுக்காக வாரேன்" என்று துண்டை உதறினார்.

மறுநாள் மதியம் வேன் வைத்துப் போனோம். கலா வாசலில் நின்று, "வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே ஓடிவிட்டாள். மாமனார் சுவரோர மேசையில் உட்கார்ந்து, "என்ன விக்கிறாளோ அதக் கொண்டாரச் சொல்லு" என்றார். முண்டு மிளகாய் பாஸ்தா வந்தது. முள்கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தட்டுக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார், கையை விட்டார். முதல் வாய்க்கே நெற்றியில் வேர்வை. "மொளகா நம்ம காட்டு மொளகா" என்றார். அடுத்த வாயை எடுத்தார். அடுப்படி வாசலில் கலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள், இராமேஸ்வரம் கோவிலில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிறவர்கள். இளசுகள் எல்லாம் பர்கர் கேட்டார்கள். கூட வந்த வயதான தம்பதி பலகையைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு இருக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"சோறு விக்கிறதில்லம்மா. உக்காருங்க" என்றாள் கலா. உள்ளே போனாள். இரண்டு தட்டில் சூடான சோறும் மீன் குழம்பும் ரசமும் வந்தன. கடையில் வேலை செய்பவர்களுக்கு வடித்த சோறு. பெரியவர்கள் நிதானமாகச் சாப்பிட்டு, மறுசோறும் வாங்கி, எழுந்து காசை நீட்டினார்கள். கலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சோத்துக்குக் காசு வாங்குறதில்லம்மா" என்றாள். அந்த அம்மாள் காசை மறுபடி சுருக்குப்பையில் போட மனமில்லாமல் நின்றார்.

மாமனார் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்த மேரியக்காவிடம் கேட்டார். மேரியக்கா தங்கச்சிமடத்துக்காரர், கடையின் பெரிய சமையல்காரர்.

"இது தெனமுமா?"

"தெனமும்தான்யா. பத்துப் பன்னண்டு பேரு. வயசானவுக, பத்தியக்காரவுக, பாஸ்தா எறங்காதவுக. காசு வாங்குனா என்ன கலான்னு நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன். அய்யா வாக்குங்குது."

எனக்கு இது தெரியாது. போனில் இத்தனை பேசியவள் இதைச் சொன்னதில்லை. மாமனார் அந்த வயதான தம்பதி பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டில் மிச்சமிருந்ததைத் துடைத்துச் சாப்பிட்டார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு நேராகக் கல்லாப்பெட்டிக்குப் போனார்.

"எம்புட்டு?"

"அய்யா, உங்ககிட்டயா? சும்மா இருங்கய்யா."

"நான் வீட்டுக்கு வந்திருந்தா காசு குடுப்பனா? இது கடைத்தா. தின்னுட்டு எந்திரிச்சா குடுக்கணும். வாங்கு."

கலா என்னைப் பார்த்தாள். வாங்கு என்று கண்ணைக் காட்டினேன். அவள் வாங்கி, சில்லறை கொடுத்தாள். மாமனார் அதை எண்ணிப் பார்த்துத்தான் சட்டைப்பையில் போட்டார். அந்த வயதான அம்மாள் இன்னும் வேனில் ஏறாமல் காசோடு நின்றுகொண்டிருந்தார். மாமனார் அவர் பக்கம் கையைக் காட்டினார்.

"அவுககிட்டயும் வாங்கு. வயிறாரச் சாப்பிட்டவுக, மனசாரக் குடுக்குறாக. வேணாம்னு சொல்லி அவுகள நிக்க வைக்கலாமா? இல்லாதவன் வந்தா சும்மா போடு. மத்தவுககிட்ட சோத்துக்கும் வாங்கு."

"அய்யா, நீங்கதான..."

"நாந்தான் சொன்னேன். இப்பயும் நாந்தான் சொல்றேன்" என்றவர், வாசலில் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அந்த அம்மாளின் கையிலிருந்து கலா காசை வாங்கினாள். அவளுக்குக் கண்ணீர் ஓடியது, அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, கடை முழுவதும் கேட்கும்படி கத்தினாள்:

"மேரியக்கா, நாளைக்குச் சோத்துக்கு ஒலை பெருசா வைக்கணும்!"